நாட்டு உறுதிமொழியில் கடவுளின் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிகளில் காலையில் மாணவர்கள் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, வகுப்பறைக் கொடியை நோக்கி ஓர் உறுதிமொழி சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் மொத்தம் 31 சொற்கள். அவற்றுள் 'இறைவனின் கீழ்' என்று பொருள்படும் இரண்டு சொற்களைப் பற்றி எழுபது ஆண்டுகளாக வழக்கும் வாதமும் நடந்து வருகின்றன. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோரும், இங்கிருந்து இதைக் கவனிப்பவர்களும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. இந்திய, மலேசிய, சிங்கப்பூர் உறுதிமொழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடங்களில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

அந்த உறுதிமொழியில் கடவுளின் பெயர் தொடக்கத்திலிருந்தே உண்டா?

இல்லை. கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 400ஆம் ஆண்டு விழாவை ஒட்டி, 1892 செப்டம்பரில் 'யூத்ஸ் கம்பேனியன்' என்ற சிறுவர் இதழில் இந்த உறுதிமொழி வெளியானது. எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. அவர் பாப்டிஸ்ட் சபையின் போதகர். நாள்தோறும் இறைவனின் பெயரைச் சொல்லிப் பணியாற்றியவர். அப்படிப்பட்டவர் எழுதிய வரிகளில் கொடி, குடியரசு, பிரிக்க முடியாத ஒரே நாடு, அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும் ஆகியவை மட்டுமே இருந்தன. 'பிரிக்க முடியாத' என்ற சொல்லுக்குப் பின்னால், முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டைப் பிளக்கப் பார்த்த உள்நாட்டுப் போரின் நினைவு இருந்தது. 1923இலும் 1924இலும் 'என் கொடி' என்பது 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி' என்று மாற்றப்பட்டது. 1942இல் நாடாளுமன்றம் இந்த உறுதிமொழியைச் சட்டத்தில் சேர்த்தபோதும் கடவுள் பற்றிய குறிப்பு எதுவும் அதில் இல்லை.

பிறகு எப்போது, எதற்காகச் சேர்க்கப்பட்டது?

1954இல் சேர்க்கப்பட்டது. 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்ற கத்தோலிக்க அமைப்பினர் 1951 முதலே தங்கள் கூட்டங்களில் இந்தத் தொடரைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். சட்டமாவதற்கான உந்துதல் 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டனில் உள்ள ஒரு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் நிகழ்ந்த பிரசங்கத்திலிருந்து வந்தது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் முன்வரிசைகளுள் ஒன்றில் அமர்ந்திருக்க, ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவரான போதகர் ஜார்ஜ் டோகெர்ட்டி ஒரு குறையை எடுத்துச் சொன்னார். இந்த உறுதிமொழியை மாஸ்கோவின் பள்ளிக் குழந்தைகள் தங்கள் அரிவாள் சுத்தியல் கொடியைப் பார்த்தும் அப்படியே சொல்லிவிட முடியும் என்பதே அந்தக் குறை. நாத்திகரான அமெரிக்கர் என்பதே முரண்பட்ட சொற்சேர்க்கை என்றும் அதே பிரசங்கத்தில் அவர் கூறினார். நான்கே மாதங்களில், ஜூன் 14 அன்று, கொடி நாளில், ஐசனோவர் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனி கோடிக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் நாள்தோறும் நாட்டையும் மக்களையும் எல்லாம் வல்லவனுக்கு அர்ப்பணிப்பதைப் பறைசாற்றுவார்கள் என்ற கருத்தை அன்றைய அறிக்கையில் அவர் வெளியிட்டார்.

பனிப்போர்க் காலத்தின் அச்சம் உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், இந்தத் தொடர் வெறும் வரலாற்றுக் குறிப்பு என்று பிற்காலத்தில் நீதிமன்றங்களில் வாதிட்டவர்களுக்கு, சேர்த்தவர்களின் சொந்தச் சொற்களே இடைஞ்சலாக நிற்கின்றன.

பள்ளிகள் இதைச் சொல்லும்படி மாணவர்களைக் கட்டாயப்படுத்த முடியுமா?

முடியாது. அந்த விடைக்கு வந்து சேரும் முன்பு சில குடும்பங்கள் கொடுத்த விலை பெரியது என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர், கொடிக்கு வணக்கம் செலுத்துவதை, விவிலியம் தடைசெய்யும் உருவ வழிபாட்டுக்கு ஒப்பாகக் கருதுகிறார்கள். ஜெர்மனியில் ஹிட்லருக்குரிய வணக்கத்தைச் செய்ய மறுத்துச் சிறைக்கும் வதை முகாம்களுக்கும் போனவர்கள் அவர்களுடைய சக விசுவாசிகள். 1935இல் பென்சில்வேனியா மாநிலத்தின் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊரில், அந்தப் பிரிவைச் சேர்ந்த அக்காளும் தம்பியும் கொடி வணக்கம் செய்யாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அக்காளுக்கு 12 வயது, தம்பிக்கு 10. கோபைட்டிஸ் வழக்கு என்று அழைக்கப்படும் அந்த வழக்கில், 1940 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் பாதுகாப்புக்கு நாட்டு ஒற்றுமையே அடிப்படை என்று நீதிபதி ஃபீலிக்ஸ் பிராங்ஃபர்ட்டர் எழுதினார். ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டுமே மறுத்தார்.

தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே யெகோவாவின் சாட்சிகள் பல ஊர்களில் தாக்கப்பட்டார்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடம் எரிக்கப்பட்டது. தேசப்பற்றுக் குறைந்தவர்கள் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே முத்திரை குத்திவிட்டதாகக் கும்பல்கள் எடுத்துக்கொண்டன.

மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. 1943 ஜூன் 14 அன்று, இதுவும் கொடி நாள்தான், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த பார்னெட் வழக்கில் 6க்கு 3 என்று முந்தைய தீர்ப்பு நீக்கப்பட்டது. அரசியலிலோ, தேசியத்திலோ, மதத்திலோ, மற்றக் கருத்துகளிலோ எது சரியான நிலைப்பாடு என்று எந்தப் பெரிய அதிகாரியும் சிறிய அதிகாரியும் விதிக்க முடியாது, அதைச் சொல்லாலோ செயலாலோ ஒப்புக்கொள்ளும்படி குடிமக்களை வற்புறுத்தவும் முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். உலகப் போரின் நடுவில், தேசப்பற்று உச்சத்தில் இருந்த வேளையில் இப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஜாக்சன் இதை மதச் சுதந்திரத்தின் மீது மட்டும் கட்டவில்லை. பேச்சுரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்ற அடித்தளத்தில் கட்டினார். ஆகவே மறுப்பவர் எந்த மதத்தவர் என்றோ, மதமே இல்லாதவரா என்றோ எவரும் கேட்கத் தேவையில்லை.

விருப்பமில்லாதவர் சும்மா இருந்துவிடலாமே. அதற்குப் பிறகும் என்ன குறை?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி. எட்டு வயதுக் குழந்தையை மனத்தில் நிறுத்திப் பார்த்தால் விடை எளிதில் புலப்படும். ஆசிரியர் முன்னின்று நடத்த, முப்பது பிள்ளைகள் எழுந்து நிற்க, தான் மட்டும் வாய் மூடி நிற்பது அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு பள்ளி நாளிலும் வரும் சோதனை. தன் வீட்டில் எதை நம்புகிறார்கள், எதை நம்புவதில்லை என்பதை அந்த மௌனத்தால் அது வகுப்பு முழுவதற்கும் அறிவிக்க வேண்டியிருக்கிறது. 1992இல் லீ எதிர் வைஸ்மன் வழக்கில், பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் மதகுரு நடத்தும் பிரார்த்தனையே மாணவர்கள் மீது மறைமுகக் கட்டாயத்தை ஏற்படுத்துகிறது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விழா ஆண்டுக்கு ஒரு முறை, உறுதிமொழியோ அன்றாடம்.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. விலகி நிற்பவர் கடவுள் என்ற சொல்லிலிருந்து மட்டும் விலகுவதில்லை. சுதந்திரம், நீதி, குடியரசு ஆகியவற்றின் மீது தனக்கு இருக்கும் பற்றைச் சொல்லும் வாய்ப்பிலிருந்தும் விலக நேர்கிறது. நாட்டை நேசிக்கும் நாத்திகர், அந்த நேசத்தைத் தன் மனச்சாட்சிக்குப் பொய் கலவாமல் சொல்ல அந்த வாக்கியத்தில் இடமில்லை. இரண்டு சொற்களை மட்டும் விழுங்கிவிட்டு மற்றவற்றைச் சொல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் அரசு எழுதித் தந்த வாசகம் அவரை விட்டுவிட்டே நாட்டை வரையறுக்கிறது.

நியூடவ் வழக்கில் என்ன நடந்தது?

மைக்கேல் நியூடவ் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அவசரப் பிரிவு மருத்துவர், சட்டமும் படித்தவர், நாத்திகர். தம் மகள் படித்த எல்க் குரோவ் பள்ளி மாவட்டத்தில் இந்தத் தொடர் சொல்லப்படுவதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2002 ஜூன் 26 அன்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2க்கு 1 என்று, அந்தத் தொடர், அரசு ஒரு மதத்தை நிறுவுவதைத் தடைசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் முதலாவது திருத்தத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அன்றே செனட் சபை 99க்கு 0 என்று அதைக் கண்டித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மன்றத்தின் படிக்கட்டுகளில் நின்று உறுதிமொழியை உரக்கச் சொன்னார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் 2004 மார்ச்சில் நியூடவ் தாமே வாதாடினார். 1954இல் நாடாளுமன்றத்தில் வாக்கு எப்படி இருந்தது என்று தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் கேட்க, எதிர்ப்பே இல்லை என்று நியூடவ் சொன்னார். அப்படியானால் அது மக்களைப் பிரிப்பதாகத் தெரியவில்லையே என்றார் தலைமை நீதிபதி. நாத்திகர் எவரும் தேர்தலில் வெல்ல முடியாததால்தான் அப்படி என்று நியூடவ் பதிலளித்தபோது, கைதட்டவே கூடாத அந்த மன்றத்தில் கைதட்டல் எழுந்தது.

தீர்ப்பு 2004 ஜூன் 14 அன்று, அதாவது தொடர் சேர்க்கப்பட்ட சரியாக ஐம்பதாவது ஆண்டு நாளில், வந்தது. மகளின் சார்பில் முடிவெடுக்கும் சட்ட உரிமை தாயிடம் இருந்ததால், தந்தைக்கு இந்த வழக்கைத் தொடரத் தகுதி இல்லை என்று சொல்லி நீதிமன்றம் மையக் கேள்வியைத் தொடாமலே கீழ் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. ரென்க்விஸ்ட், ஓ'கானர், தாமஸ் ஆகிய மூவர் மட்டும் அந்தத் தொடர் செல்லும் என்று தனித்தனியே எழுதினார்கள். அவர்களுள் தாமஸ் எழுதியது நேர்மையானது: வைஸ்மன் தீர்ப்பைப் பின்பற்றினால் இது செல்லாது என்றே சொல்ல வேண்டும், ஆனால் வைஸ்மன் தீர்ப்பே தவறு என்பது அவர் நிலை.

அதன் பிறகு வேறு தீர்ப்புகள் வந்தனவா?

வந்தன, எல்லாம் அந்தத் தொடருக்குச் சாதகமாகவே முடிந்தன. 2010இல் அதே ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, நியூடவ் பங்கேற்ற இன்னொரு வழக்கில், 2க்கு 1 என்று அது செல்லும் என்றது. 2014இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில், மத வாதத்தை விட்டுச் சமத்துவ உரிமையின் பேரில் ஒரு குடும்பம் வழக்காடியது. விருப்பமிருந்தால் மட்டும் சொல்லலாம் என்பதால் பாகுபாடு இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பானது.

நான் இறை நம்பிக்கை உள்ளவன். இந்தத் தொடர் இருப்பதில் எனக்கு என்ன இழப்பு?

நானும் நாள்தோறும் இறைவனை வணங்குபவன்தான். எனவே இந்தக் கேள்விக்கு என் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தத் தொடரைக் காப்பாற்ற நீதிமன்றங்களில் வைக்கப்பட்ட முக்கிய வாதம், இது வழிபாடே இல்லை, நீண்டகாலப் பழக்கத்தால் மதப் பொருள் தேய்ந்துபோன ஒரு சடங்குச் சொல், விழாவுக்குக் கம்பீரம் சேர்ப்பது மட்டுமே இதன் வேலை என்பதாகும். 2004இல் ஓ'கானர் எழுதியதன் சாரமும் ஏறத்தாழ இதுவே. இறைவனின் பெயருக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதி கொடுத்தால்தான் அந்தப் பெயர் சட்டத்தில் நீடிக்க முடியும் என்றாகிறது. கோயிலில் கண் மூடி ஒருவர் உச்சரிக்கும் பெயரும், அரசாங்க வழக்கறிஞர் பொருளற்றது என்று வாதிட்டுக் காப்பாற்றும் பெயரும் ஒன்றாக இருக்க முடியுமா? பொருள் உண்டு என்றால் அரசு அதை ஓதச் செய்யக் கூடாது. பொருள் இல்லை என்றால் பக்தர் அதைக் கேட்டு மகிழ ஒன்றுமில்லை. பெல்லமி என்ற போதகர் அந்தப் பெயரைத் தம் தேவாலயத்தில் வைத்துக்கொண்டு, கொடிக்கு முன்னால் குடியரசை மட்டும் நிறுத்தியது இறைவனுக்கும் மரியாதை, நாட்டுக்கும் மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

நாத்திகர்களுக்கு மட்டும்தான் இதில் சிக்கலா?

இல்லை. ஆங்கிலத்தில் அது ஒருமையில் நிற்கும் 'கடவுள்'. பௌத்தர்கள் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. நியூடவ் வழக்கில் பௌத்த அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் தங்கள் கருத்தை எழுதிக் கொடுத்தன. சமணர்களுக்கும் இதே நிலை. அம்மனை முதல் தெய்வமாகக் கொண்டவர்களுக்கு அந்தச் சொல் முழுமையாகப் பொருந்துகிறதா என்பது பற்றி, நம் நாட்டின் அரசமைப்பு அவையிலேயே ஒரு சுவையான விவாதம் நடந்திருக்கிறது.

அது என்ன விவாதம்?

1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அசாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌத்ரி, காமாக்யா தேவியின் நாட்டிலிருந்து வருபவர்களான, அம்மனை வழிபடும் சாக்தர்களுக்காக 'தேவியின் பெயரால்' என்று மாற்றலாமா என்று கேட்டார். நம்பிக்கை என்ற விஷயத்தில் கட்டாயம் கூடாது, கடவுளை நம்பவும் நம்பாமலிருக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு என்று திருவிதாங்கூரின் பட்டம் தாணுப்பிள்ளை எதிர்த்தார். எச்.என். குன்ஸ்ருவும் எதிர்த்தார், உள்ளத்தின் ஆழத்தில் இருக்கும் ஒன்றைக் கூட்டாக எல்லோர் மீதும் சுமத்தலாகாது என்பது அவர் நிலை. காமத் விடாமல் வாக்கெடுப்புக் கேட்க, 41க்கு 68 என்று திருத்தம் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் பக்தர்களும் இருந்தார்கள் என்பதே இந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்த செய்தி.

இந்தியப் பதவி உறுதிமொழிகளிலும் பள்ளி உறுதிமொழியிலும் கடவுள் இருக்கிறாரா?

பதவியேற்பில் இரண்டு வழிகள் உண்டு. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டையும் ஒரே வாசகத்தில், ஒன்றுக்கொன்று தாழ்வில்லாமல் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பதவியேற்பு விழாவைப் பார்க்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் காதால் கேட்டே பழகியவர்கள். ஜெயலலிதா கடவுளின் பெயரால் பதவியேற்றார். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் 'உளமார' உறுதி கூறினார்.

பள்ளியில் நாம் சொன்ன 'இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் எனது உடன்பிறந்தோர்' என்ற உறுதிமொழி, பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962இல் தெலுங்கில் எழுதியது. அதில் கடவுள் பற்றிய குறிப்பு இல்லை. நாட்டுப்பண்ணில் வரும் 'பாரத பாக்கிய விதாதா' யாரைக் குறிக்கிறது என்பது தனி விவாதம்.

நாட்டுப்பண்ணைப் பாட மறுத்த கேரளக் குழந்தைகளின் வழக்கு இதோடு தொடர்புடையதா?

நேரடித் தொடர்பு உண்டு. 1985 ஜூலையில், யெகோவாவின் சாட்சிகளான மூன்று உடன்பிறப்புகள் நாட்டுப்பண்ணைப் பாடாததால் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து நீக்கப்பட்டார்கள். மற்றவர்கள் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் பாடலைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, எவருடைய மத உணர்வையும் புண்படுத்தும் சொல் எதுவும் அதில் இல்லை என்று முடிவு செய்து குழந்தைகளைக் கைவிட்டது.

பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பெழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, அந்த ஆராய்ச்சியே தவறான திசையில் போயிற்று என்றார். அந்த நம்பிக்கை நமக்கு ஏற்புடையதா என்பது கேள்வி இல்லை, அது உண்மையாகவும் மனச்சாட்சியோடும் கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி என்று விளக்கினார். அமெரிக்காவின் பார்னெட் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, குழந்தைகளைத் திரும்பச் சேர்க்கும்படி ஆணையிட்டார். அமெரிக்கத் தொடரைப் பற்றிய வாதத்துக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும். 'இரண்டு சொல்தானே, இதில் யாருக்கு என்ன வலி?' என்று பெரும்பான்மை கேட்பது, பாடலில் புண்படுத்தும் சொல்லைத் தேடிய அதே தவற்றைத் திரும்பச் செய்வதாகும்.

தமிழிலும் சொல்லப்படும் மலேசிய, சிங்கப்பூர் உறுதிமொழிகள் எப்படி?

ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் உள்ளன. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின், 1970 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கப்பட்ட மலேசியாவின் ருக்குன் நெகாரா, ஐந்து கோட்பாடுகளில் முதலாவதாகவே இறைநம்பிக்கையை வைக்கிறது. தமிழ்ப் பள்ளி மாணவர்களும் அதைச் சொல்கிறார்கள். பல மதத்தவரை ஒன்றாகக் கட்டும் கயிறாக அது எண்ணப்பட்டது. மதமில்லாதவருக்கு அந்தக் கயிற்றில் பிடி இல்லை என்பது என் கருத்து. சிங்கப்பூர் உறுதிமொழியை 1966இல் வரைந்த எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். இனம், மொழி, மதம் ஆகிய வேறுபாடுகளைக் கடந்து ஒன்றுபட்ட மக்களாக இருப்போம் என்று சொல்லும் அந்த வாசகத்தில் மதம் பெயரளவில் வருகிறது, கடவுள் வரவில்லை.

எங்கள் பிள்ளை அமெரிக்கப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்குச் சொல்ல விருப்பமில்லை. என்ன செய்வது?

அவள் சொல்லத் தேவையில்லை, அமைதியாக இருக்கலாம். பார்னெட் தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. நடைமுறை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் சட்டம் பெற்றோரின் எழுத்து வேண்டுகோளைக் கேட்கிறது. ஃபுளோரிடாவின் விதியைப் பற்றி 2008இல் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், பெற்றோரின் அனுமதி கேட்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் விலக்குப் பெற்ற மாணவர் எழுந்து நின்றே ஆக வேண்டும் என்ற பகுதியை ஏற்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியருக்கு நான்கு வரியில் மரியாதையான கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. காரணம் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பிள்ளையிடம் மட்டும் காரணத்தைப் பேசுங்கள்; வகுப்பில் யாராவது கேட்டால் அவளே அமைதியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை பெறும்போது 'கடவுள் எனக்குத் துணை நிற்பாராக' என்று சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. குடியுரிமை உறுதிமொழி அந்தத் தொடரோடுதான் முடிகிறது. ஆனால் மத நம்பிக்கையாலோ மனச்சாட்சியாலோ விரும்பாதவர்கள், 'ஆணையிடுகிறேன்' என்ற இடத்தில் 'உறுதி கூறுகிறேன்' என்று மாற்றிக்கொண்டு கடைசித் தொடரை விட்டுவிட விதிகளே இடம் தருகின்றன. ஆணையிடுவதையே விவிலியம் தடுக்கிறது என்று நம்பிய குவேக்கர்கள் போன்ற பக்தர்களை எண்ணி, 'ஆணையிடுகிறேன் அல்லது உறுதி கூறுகிறேன்' என்ற இரட்டை வாசகம் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்திலேயே குடியரசுத் தலைவரின் பதவி உறுதிமொழிக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. 1853இல் பிராங்க்ளின் பியர்ஸ் 'உறுதி கூறுகிறேன்' என்று சொல்லியே அந்தப் பதவியை ஏற்றார். விண்ணப்பிக்கும்போதோ நேர்காணலின்போதோ அதிகாரியிடம் இதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.